பெட்டிக்குள் இல்லாத கீபோர்ட்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. லாபிஸில் எங்கள் தாமான் குடியிருப்பில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் வாசுகியக்காவுக்கு நடந்தது. அவரைக் காரில் செகாமட்டுக்கு அழைத்துப் போனதும், கடையில் பக்கத்தில் நின்றதும்தான் என் பங்கு. "எழுதிக்கோ மலர். ஆனா படிக்கிறவங்க யாரும் என்னைப் பாத்து உச்சுக் கொட்டக் கூடாது" என்று அவர் சொன்ன பிறகு எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது:

'புற்றுநோயிலிருந்து மீண்ட வாசுகி, நடுங்கும் கைகளால் அந்தப் பெட்டியைத் தி—'

(கை நடுங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

'ஏமாற்றம் என்பது மனித வாழ்வில்…'

(இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

'பெட்டியில் கீபோர்ட் இல்லை.'

இது இருக்கட்டும்.

2

பெட்டியில் கீபோர்ட்* இல்லை. டேப்லெட் இருந்தது, சார்ஜ் செய்யும் கம்பி இருந்தது, யாரும் படிக்காத ஒரு சின்னக் காகிதம் இருந்தது. வாசுகியக்கா பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

அந்தப் பொருள் அவருக்கு எதற்கு என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் தட்டச்சு செய்தவர் அவர். மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையும் மருந்தும் முடிந்தபோது வேலை போயிருந்தது. மருந்து நோயை விரட்டிவிட்டு, போகிற போக்கில் விரல்நுனிகளின் உணர்ச்சியையும் கொண்டுபோய்விட்டது. மெதுவாகத் திரும்பலாம் என்றார் மருத்துவர். அறுவை செய்த பக்கத்துக் கையால் கனமானதைத் தூக்கவும் கூடாது.

அப்போதுதான் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கண்ணில் பட்டது. கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, பேசியதை அப்படியே அடித்துத் தர வேண்டும். சனிக்கிழமை காலையில் தேர்வு. பழைய மடிக்கணினி எப்போதோ செத்துவிட்டது. செகாமட் கடையில் 'இனி லேப்டாப் தேவையில்லை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே, மேசையில், கீபோர்ட் மாட்டிய டேப்லெட் ஒன்று நின்றது. வாசுகியக்கா அதில் நின்றபடியே நான்கு வரி அடித்துப் பார்த்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அந்த நிமிடம் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன். வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில், டேப்லெட்டின் கண்ணாடித் திரையில் தெரிந்த எழுத்துகளை வைத்தே சமாளிக்கப் பார்த்தார். முடியவில்லை. தட்டச்சு பழகியவர்கள் யோசிக்கும்போது விரல்களை நடுவரிசையில் வைத்துத்தான் ஓய்வெடுப்பார்கள். கண்ணாடிக்கு ஓய்வு தெரியாது. வைத்த விரலெல்லாம் எழுத்தாகிவிடும். மலாய் மொழியில் 'காலை வணக்கம்' அடிக்கப் போய், ஒரு வரி முழுக்க ஒரே எழுத்து ஓடியது. உண்மையான கீ என்றால் விரல்நுனிக்குத் தெரியாவிட்டாலும் அது இறங்குவது மணிக்கட்டுக்குத் தெரியும். கண்ணாடி இறங்குவதில்லை.

(* விசைப்பலகை என்று எழுதலாம். நானும் மற்ற கதைகளில் எழுதுவேன். ஆனால் வாசுகியக்கா, "அப்படி எழுதினா அது என் கீபோர்ட் மாதிரியே இல்ல" என்றார்.)

3

இங்கே எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான்.

மறுநாள் கடைக்குப் போனோம். எங்களுக்கு டேப்லெட்டை விற்ற நவ்சாத் என்பவர்தான் நின்றிருந்தார். முப்பது தாண்டியவர், தாடியை ஒழுங்காக வெட்டியவர். அவரைப் பற்றி என் முதல் பிரதியில் இருப்பது இது:

'நவ்சாத் உதட்டோரம் சிரித்தான். வாடிக்கையாளரின் கண்ணீர் அவனுக்குப் புதிதல்ல. விரலால் விளம்பரத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி…'

பொடி எழுத்து இருந்தது, உண்மை. 'கீபோர்ட் தனியாக விற்கப்படும்' என்று எறும்பு சைசில். ஆனால் அதைக் காட்டும்போது நவ்சாத் சிரிக்கவில்லை, காதுவரை சிவந்துபோனார். எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டபோது, என்னை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் என் உம்மா படிப்பார் என்று மட்டும் சொன்னார். அடுத்த பிரதியில் 'சிரித்தான்' போய் 'தலைகுனிந்தார்' வந்தது. இப்படித்தான் எனக்கு ஒரு வில்லன் கைநழுவிப் போனார்.

அந்த டேப்லெட்டுக்குரிய கீபோர்ட் கடையில் தீர்ந்திருந்தது, திங்கட்கிழமைதான் வரும். (வேறு கீபோர்ட் வாங்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். நவ்சாத்தும் அதைத்தான் சொன்னார். இருந்தவை கைப்பேசியோடு பயன்படுத்தும் சின்னக் கீபோர்ட்கள். மரத்த விரலுக்கு இரண்டு கீ ஒன்றாக விழுந்தது. செகாமட்டில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் அவரிடமே திரும்பி வந்தோம்.)

4

அந்தக் கடையில் நடந்த வாக்குவாதத்தை முழுதாக எழுத ஆசை. இருவருமே குரலை உயர்த்தாததால் அதில் நாடகம் இல்லை.

நவ்சாத் சொன்னது: "படம் வரையறவங்க வாங்கறாங்க, சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் காட்டறவங்க வாங்கறாங்க. அவங்களுக்குக் கீபோர்ட் வேணாம்லா. எல்லார் தலையிலயும் அந்த வெலையக் கட்டலாமாக்கா?"

வாசுகியக்கா சொன்னது: "வேணாங்கறவங்களுக்கு வேணாம் தம்பி. ஆனா லேப்டாப்புக்குப் பதிலா இதுன்னு நீங்கதான ஒட்டியிருக்கீங்க? நாசி லெமாக் சோறுன்னு பேர் போட்டுட்டு, அதுக்கு மேல வெக்கிற சம்பல் தனியா வாங்கிக்கன்னா, சாப்பிட வந்தவன் என்ன செய்வான்?"

நான் யார் பக்கம் என்று கேட்டால், நவ்சாத் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எதைப் பெட்டியில் வைப்பது என்பது விற்பவர் பாடு. ஆனால் பெயர் ஒரு வாக்கு. எழுதுகிறவளுக்கு இது தெரியும். 'காதல் கதை' என்று அட்டையில் போட்டுவிட்டு, காதல் அடுத்த புத்தகத்தில் தனியாகக் கிடைக்கும் என்றால் என்னை விட்டுவிடுவீர்களா?

நவ்சாத் விளம்பரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சனிக்கிழமைத் தேர்வு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். பிறகு மேசைக்குப் போய், காட்சிக்கு நின்ற டேப்லெட்டிலிருந்து கீபோர்டைக் கழற்றிக்கொண்டு வந்து வாசுகியக்காவின் கையில் வைத்தார்.

"முதலாளி வெளியூர்ல, ஜேபில இருக்காரு. வந்ததும் நான் சொல்லிக்கறேன். நீங்க எழுதிட்டுக் கொண்டுவாங்க."

திட்டு விழுமே என்றார் வாசுகியக்கா. விழும் என்று ஒத்துக்கொண்டார் நவ்சாத்.

காரில் வாசுகியக்காவின் மடியில் அந்தக் கீபோர்ட் இருந்தது.  லாபிஸ் ரயில்வே கேட் அருகே, "அழுவுறேன்னு எழுதிடாத. வெயிலு" என்றார். (வெயில்தான்.)

5

வேலை கிடைத்தது. இதை ஒளித்துவைத்து உங்களை இழுத்தடிக்க மனமில்லை.

சனிக்கிழமை காலை அவர் வீட்டு ஹாலில் நானும் இருந்தேன். ஆரம்பத்தில் நிறையத் தப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மழை பிடிப்பது போலத் தட்டச்சுச் சத்தம் சீரானது. அதைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவர் கணவர் லெட்சுமணன் சமையலறை வாசலில் நின்றுகொண்டே இருந்தார். தேநீர் ஆறிப்போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. பதில் அடுத்த புதன்கிழமை வந்தது.

வாசுகியக்கா முதலில் யாருக்கு நன்றி சொன்னார் தெரியுமா? விரல்களுக்கு. ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டபடி, "பரவால்லடா, ஞாபகம் வெச்சிருக்கீங்க" என்றார்.

6

ஆனால் கதை முடிவது திங்கட்கிழமையில்.

கீபோர்டைத் திருப்பித் தரவும், புதிதாக வந்ததை வாங்கவும் போனோம். வாசுகியக்கா ஒரு டப்பா அச்சு முறுக்கு கொண்டுவந்திருந்தார். நவ்சாத் அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்தார். திட்டு விழுந்ததா என்று கேட்டோம். முதலாளி கமலநாதன் சனிக்கிழமை வந்து, மொட்டையாக நின்ற டேப்லெட்டைப் பார்த்தாராம். நவ்சாத் நடந்ததைச் சொன்னாராம். இனி அதை எப்படிக் காட்சிக்கு வைப்பது என்று நீயே பார்த்துக்கொள், விற்பனை குறைந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்றாராம்.

கீபோர்ட் இல்லாமல் நின்ற நாட்களில் வந்தவர்களெல்லாம், இதில் எப்படி டைப் செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு கல்லூரி மாணவி நன்றி சொல்லிவிட்டு வாங்காமலே போனாள். இன்னொருவர் கீபோர்டும் சேர்த்து வாங்கினார்.

"கேக்கறவங்ககிட்ட உண்மையச் சொல்றது எனக்குக் கஷ்டமே இல்லக்கா" என்றார் நவ்சாத். "அது மாட்டியிருந்தா யாரும் கேக்கறதே இல்ல. அதான்."

காட்சி டேப்லெட்டில் கீபோர்டைத் திரும்ப மாட்டாதீர்கள் என்று வாசுகியக்காவுக்கு வாய்வரை வந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனால் நவ்சாத்தின் உதவியை வாங்கியவர், அவர் பிழைப்பில் கைவைக்கும்படி எப்படிக் கேட்பது? "நீங்க செஞ்சத மறக்க மாட்டேன் தம்பி" என்று மட்டும் சொல்லி, கீபோர்டை நீட்டினார்.

நவ்சாத் அதை வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் நடந்தார்.

(முடிவு ஒன்று: மாட்டுகிறார். அதற்காக நன்றி குறைந்துவிடாது.)

(முடிவு இரண்டு: அலமாரியில் வைத்துப் பூட்டுகி—)

இல்லை. இரண்டையும் நான் முடிக்கப் போவதில்லை. அவர் மேசையை அடைவதற்குள் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வந்தவரின் இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நவ்சாத் கையில் கீபோர்டோடு உங்களை நிமிர்ந்து பார்க்கிறார். நல்ல மனிதர்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.