மாமாவின் சீருடை

பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸுக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தபோது பெட்டியின் பிடி கழன்று கிளடிஸின் கையோடு வந்துவிட்டது. கழன்றால் கழலட்டும் என்று இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தாள். மணி பத்தேகால். ஒரு மணிக்குள் மாமாவுக்குப் போடுகிற உடுப்பைப் பியூனரல் ஹோமில் கொடுத்தாக வேண்டும்.

மாமா என்றால் அவளுடைய புருஷன் மார்க்கோவின் தகப்பன், வின்சென்ற். அமெரிக்காவில் ரொசெஸ்டரில் பிறந்த இத்தாலியர். இருபது வயதில் வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பி, ரொறன்ரோப் பெண்ணைக் கட்டி, இங்கேயே செங்கல் அடுக்கி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். முந்தாநாள் காலை ரூஜ் பகுதியில் உள்ள இதே வீட்டில், தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார்.

மார்க்கோ படியில் நின்றான். கையில் பழுப்பு சூட்.

"டாட் சூட்தான் கேட்டது, கிளடிஸ்," என்றான், பத்தொன்பது வருடத்தில் படித்த குசினித் தமிழில்.

ஏன் கேட்டார் என்பதை இன்று காலைத் தேநீரின்போதுதான் அவன் வாய் திறந்து சொன்னான். அவள் கலியாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், ஹோலில் மாட்டியிருந்த தன் சீருடைப் படத்தைக் கிழவர் தானே கழற்றினாராம். உடுப்பைப் பெட்டிக்குள் வைத்து பேஸ்மென்றுக்குக் கொண்டுபோனாராம். மன்னாரில் அவளுடைய மூத்த அண்ணன் லெஸ்லியை ஆமிச் சீருடைக்காரர் வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவன் வரவே இல்லை. மருமகளாக வாற அந்தப் பிள்ளை என் வீட்டில் அப்படியொரு உடுப்பைப் பார்க்கக் கூடாது, செத்த பிறகும் எனக்குப் போட வேண்டாம் என்றாராம் மனுஷன்.

போர் நினைவு நாளான ஒவ்வொரு நவம்பர் பதினொன்றும் மருந்து வாங்கப் போகிறேன் என்று சாதாரணக் கோட்டோடு வெளிக்கிட்டதும் பழைய சிப்பாய்களின் கூட்டத்துக்குத்தானாம். மருந்து வாங்க மூன்று மணித்தியாலமா என்று எத்தனை தரம் அவரை ஏசியிருப்பாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பெட்டியைத் திறந்தாள். பச்சை. ஆமிப் பச்சை. மூடிவிட்டுச் சீமெந்துத் தரையில் கொஞ்ச நேரம் இருந்தாள். பனிக்காலம் முழுக்க, அவள் ஐந்தரைக்கு வேலைக்கு இறங்க முதலே அவளுடைய கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி வைத்தவர். மகள் நடாஷாவுக்குக் காய்ச்சல் என்றால் கட்டிலோடு கதிரையைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தவர். பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே சட்டையை வெளியே எடுத்தாள்.

அப்பா சொன்னதை மீறலாமா என்று மார்க்கோ கேட்டான்.

"அது எனக்காகச் சொன்னது. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டவரோ? அப்ப நான்தான் முடிவு சொல்லுவன். உந்தச் சூட்டைக் கொண்டுபோய் மேல கொழுவுங்கோ."

அயன் சூடேற முன்பே சின்ன அண்ணன் கஸ்பருக்குப் போன் எடுத்தாள். சவப்பெட்டி தூக்குகிற ஆறு பேரில் அவனும் ஒருவன்.

"அண்ணா, மாமாவை ஆமி உடுப்போடதான் வைக்கப்போறம். முதலே சொல்லுறன்."

"உனக்கென்ன விசரே பிள்ளை? லெஸ்லியண்ணையை மறந்திட்டியோ?"

"மறக்கேல்லை. மாமாவும் மறக்கேல்லை. அதாலதான் பத்தொன்பது வருசம் ஒளிச்சு வைச்சவர்."

"நான் தூக்க மாட்டன்."

"தூக்காட்டி விடுங்கோ. உங்கட இடத்தில நான் தூக்குவன்."

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே சட்டையின் மற்றக் கையையும் அயனால் மினுக்கி முடித்தாள். பன்னிரண்டரைக்கு உடுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பின்னேரம் பார்வைக்கு வைத்தபோது, நோயில் வற்றிய உடம்பில் சீருடை கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. மார்க்கோவின் தமக்கைகள் இருவரும் தகப்பனைப் பார்த்துவிட்டுக் கிளடிஸைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். செபமாலை தொடங்கியது.

ஏழு மணிக்குக் கஸ்பர் அஜக்ஸிலிருந்து வந்தான். உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கிளடிஸ் கண்டாள். எழும்பிப் போகக் கால் உன்னியது, போகவில்லை. வாங்கோ என்று கூப்பிடவும் இல்லை. போனால் போகட்டும், நாளைக்கு அந்தச் சவப்பெட்டியில் தன் கை இருக்கும் என்று நிமிர்ந்து இருந்தாள்.

செபமாலையில் ஒரு காரணிக்கம், பத்து மணிச் செபம், முடிந்து அடுத்தது தொடங்கியது. கஸ்பர் மெல்ல நடந்து வந்து பெட்டியருகே நின்றான். கிளடிஸும் எழும்பி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் கிழவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உடுப்பின் பக்கம் கண் இறங்க வெகுநேரம் எடுத்தது.

"நாளைக்கு நான் எந்தப் பக்கம்?" என்றான்.

"இடப் பக்கம். முன்னுக்கு."

சீருடையின் தோளில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. கஸ்பர் குனிந்து இரண்டு விரலால் அதை எடுத்தான். போட இடம் தேடினான். பிறகு தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.