பெல்லாமியின் முடிவிசை

இயற்பியலில் பட்டம் வாங்கிய எனக்கு லண்டன் வானொலி நிலையம் ஒரு குமிழைக் கொடுத்தது. ஞாயிறு மதியம் ஸ்டான் கிளெக்கின் நகைச்சுவை நிகழ்ச்சி முடியும்போது முடிவிசை எழும். அறிவிப்பாளர் அதன் மேலேயே எல்லோர் பெயரையும் சொல்லி விடைபெறுவார். நான் குமிழைத் திருப்பி இசையை மெல்ல அணைப்பேன். படித்த படிப்பு வீண்போகவில்லை.

அந்த இசையை எழுதியவர் ஆம்ப்ரோஸ் பெல்லாமி. இசைக்குழுவை நடத்துபவரும் அவரே. அவரைப் பொறுத்தவரை அது ஒரு மகத்தான படைப்பு. நாட்டைப் பொறுத்தவரை அது ஞாயிறு விருந்துக்கு அடுப்பிலிருந்து மாட்டிறைச்சியை எடுக்கும் நேரம். அதன் கடைசிப் பகுதி இதுவரை வானொலியில் ஒலித்ததில்லை. கிளெக் ஒரே மாமியார் ஜோக்கை மூன்று விதமாகச் சொல்லி நேரத்தைத் தின்றுவிடுவார்.

ஒரு ஞாயிறு கிளெக்குக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாமியார் ஒரு முறை மட்டுமே வந்து போகப் போகிறார் என்று செய்தி பரவியதும் பெல்லாமி என் அறைக்கு வந்தார். பளபளவென்று சவரம் செய்திருந்தார்.

"மிஸ் ஹோல்ட், இன்னிக்கு நேரம் மிஞ்சும். அந்தக் குமிழைத் தொடாதீங்க. கடைசி வரைக்கும் போகட்டும். எங்க அக்கா லீட்ஸ்ல கேட்டுக்கிட்டு இருப்பாங்க."

"சார், உங்க குழுவுல ஒரு பழக்கம்..."

"குழுவைப் பத்திக் கவலைப்படாதீங்க. வாரா வாரம் முழுசா வாசிக்கிறவங்கதானே."

கண்ணை மூடிக்கொண்டு நடத்துபவருக்கு அப்படித்தான் தோன்றும். கண்ணாடிக்கு இப்பால் இருக்கும் எனக்குத் தெரியும். அறிவிப்பாளர் விடைபெற்றதுமே ஒவ்வொருவராக வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அவர் கண்ணைத் திறக்கும்போது, வாசித்து முடித்துக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஞாயிறன்று பப் இரண்டு மணிக்கு மூடிவிடும். இசை அணைந்த பிறகு யார் வாசித்தால் என்ன?

அன்று நான் குமிழைத் தொடவில்லை. அறிவிப்பாளர் விடைபெற்றார். பெல்லாமி கண்களை மூடினார். முதலில் வயலின்கள் குறைந்தன. பிறகு பெட்டிகளின் கொக்கிகள் சடசடத்தன. டிராம்போன் வாசிக்கும் ரெஜ் நேராக ஒலிவாங்கியின் முன் நின்று கோட்டை மாட்டினான்.

"சீக்கிரம் வாங்கடா, மூடுறதுக்குள்ள ஒரு கிளாஸாவது அடிக்கணும். கிழவர் கண்ணைத் தொறக்க இன்னும் நேரம் இருக்கு."

நாடு முழுவதும் அதைக் கேட்டது. லீட்ஸும் நாட்டுக்குள்தான் இருக்கிறது.

ஆளுயரத் தந்தி வாத்தியமான ஹார்ப்பைத் தூக்கிக்கொண்டு பப்புக்கு ஓட முடியாது என்பதால் மிஸ் பிராஸர் மட்டும் இருந்தார். கொம்பு வாத்தியங்களும் வயலின்களும் சேர்ந்து முழங்க வேண்டிய அந்த முடிவை அவர் தனியாக மீட்டி முடித்தார். பெல்லாமி கண்ணைத் திறந்தார். வரிசை வரிசையாக வெற்று நாற்காலிகள்.

என் அறைக்கு வந்தார். கடைசி வரை போனதா என்று கேட்டார். போனது என்றேன். அக்காவுக்கு ஹார்ப் பிடிக்கும் என்றார்.

மறுநாள் நிலையத்துக்கு ஓயாமல் தொலைபேசி அழைப்புகள். இவ்வளவு நல்ல நகைச்சுவையைக் கிளெக் இதுவரை தந்ததில்லையாம். கிளெக் தொண்டை கட்டிய குரலில் நன்றி சொல்லிக்கொண்டார். இனி வாரா வாரம் ரெஜ் பேச வேண்டும் என்று தயாரிப்பாளர் உத்தரவிட்டு, அதை எழுத இரண்டு பேரை நியமித்தார்.

பெல்லாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ரெஜ் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், இசையின் கடைசிப் பகுதி மட்டும் எந்த இடைஞ்சலும் இல்லாமல் ஒலிக்க வேண்டும். நியாயம்தான் என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அந்தக் கடைசிப் பகுதியில் பேச்சே இல்லாமல் இடம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்து, கிளெக் அங்கே மாமியாரைக் கொண்டுவந்தார்.