சூளைக்கு இரண்டு கல்

…ஐந்து நாளாகத் தோளை அறுக்கிறது இந்தப் பை, வலது தோளுக்கு மாற்றுகிறேன், உடனே இடது தோள் சும்மா இருக்கிறதே என்று தோன்றுகிறது, மறுபடி மாற்றுகிறேன், உள்ளே இரண்டு கல், ஒன்று எனக்கு, ஒன்று அசெலினாவுக்கு... திரியகாஸ்தேலா மலையில் ஆளுக்கொரு சுண்ணாம்புக்கல் எடுத்து இங்கே காஸ்தான்யேதா சூளையில் சேர்க்க வேண்டும், வெந்த சுண்ணாம்பு யாத்திரை முடியும் புனித யாகப்பர் கோவில் சுவருக்குப் போகும், யாத்திரைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், செத்த மனைவிக்காகச் செய்கிறவர்கள் எத்தனை பேர்? நேர்ந்துகொண்டது அவள். பிரசவம் நல்லபடி முடிந்தால் நடந்தே வருகிறேன் என்று. முடியவில்லை, குழந்தையும் இல்லை, அப்புறம் நேர்ச்சை எதற்கு என்று சாமியாரே கேட்டார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அழவும் இல்லை. எங்கள் ஊர்க் கோவில் வாசல் வளைவில் தீர்ப்பு நாள் செதுக்கியிருக்கிறது, தராசில் ஆன்மாவை நிறுக்கும் சம்மனசு, அந்த வானதூதனுக்குக் கயிறு மாதிரி நீண்ட உடம்பு, துடுப்பு மாதிரி கை, அதன் கீழே நின்றுதான் சொன்னாள், "இவங்களுக்கெல்லாம் இடுப்பு வலிக்காதா? எனக்குச் சிலையெல்லாம் வேண்டாங்க, கல்லுக்கு நடுவுல சுண்ணாம்பா ஒட்டிக்கிட்டு இருந்தாப் போதும்." சிரித்தாளா அப்போது? முகம் வர மாட்டேன் என்கிறது, குரல் மட்டும் வருகிறது.

வரிசை நகர்ந்தது, முதலில் அவளுடையதை நீட்டினேன், தேடித் தேடி எடுத்தது, வெள்ளை வெளேரென்று இருக்கும், சூளைக்காரன் பெர்முதோ சுத்தியால் தட்டினான், பொறி பறந்தது. "தம்பி, இது சுண்ணாம்புக்கல்லே இல்ல, வேகாது. உள்ள போட்டா வெடிச்சு என் மூஞ்சியிலதான் அடிக்கும். வேற இருக்கா?" என்னுடையதைக் காட்டினேன், குனிந்தபோது கையில் அகப்பட்ட சாம்பல் நிறக் கல். "இது கல்லு! யார் பேருக்கு?" யார் பேருக்கு... என் பாவம் எனக்கு இல்லையா, இதையும் கொடுத்துவிட்டால் யாகப்பர் முன்னால் நான் எதைச் சொல்லி நிற்பது, பின்னால் ஒருவன், "என்னய்யா, பேரு மறந்துபோச்சா?" என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள்... "அசெலினா" என்றேன். குவியலில் விழுந்தது. எது என்றுகூட இப்போது தெரியவில்லை.

வெள்ளைக்கல்லைத் திரும்ப அசெலினாவின் தலைத்துணியில் சுற்றினேன், கூட நடந்து வரும் தெய்பெர் பார்த்துக்கொண்டே இருந்தான். "டேய், ஏழு வருஷம் லத்தீன் படிச்சவனே, மலையிலயே சொன்னேன்ல, அது வேகாதுன்னு?" "நீ சொல்லவே இல்ல." "ரெண்டு தடவ சொன்னேன். தூக்கிப் போட்டுட்டு வாடா, முன்னாடி பூரா ஏத்தம்." "சொல்லலடா!" கத்தியது நான்தானா, ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், நடந்தேன், வேகமாக, அவனை விட்டு விலகி... சொன்னானா? அங்கே காற்று பலமாக இருந்தது, அவன் வாய் அசைந்தது, நான் தலையை ஆட்டினேன்... இல்லை, காதில் விழுந்தது. வேகாது என்று அவன் சொன்ன பிறகுதான் அவளுடைய தலைத்துணியை வெளியே எடுத்து இந்தக் கல்லைச் சுற்றினேன், வேகாத கல் என்னிடமே இருந்துவிடும் என்று.