வைக்கட்டுமா?

என் மனைவி மஞ்சுவுக்கு என்னைக் கேட்காமல் எதையும் வைக்கத் தெரியாது. "ஏங்க, புளிக்குழம்பு வைக்கட்டுமா?" என்பாள். "ஏங்க, ஃபேனை ரெண்டுல வைக்கட்டுமா?" என்பாள். ஷிப்டில் மூட்டை இறங்கும் பெல்ட் முன்னால் நிற்கும்போது போன் போட்டு, மோர்க்குழம்புக்கு வெண்டைக்காயா பூசணிக்காயா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "ஒரு கொழம்பு வைக்கறதுக்கு மனு போடுவியா?" என்று கத்துவேன். அவளோ தெருவெல்லாம், "எங்க வூட்டுக்காரரு கோவக்காரருதான். ஆனா பொய் வராது அவரு வாயில" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தச் சான்றிதழ்தான் என்னைக் கெடுத்தது.

நான் சிமெண்டு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பன்னிரண்டு வருஷமாக கான்ட்ராக்ட். எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு வண்டிப்பாதை, அதைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வீடும் கொல்லையும் சேர்த்துப் பதினான்கு சென்ட். என் அப்பா அரியமுத்து நாற்பது வருஷம் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் வாங்கிய இடம். எங்கள் வம்சத்தில் சொந்த மண் என்று கால் வைத்தது அதில்தான். அவர் செத்து அது என் பெயருக்கு வந்தது.

சித்திரை மாதம் ஒரு காலையில் சூப்பர்வைசர் குருநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எடத்தைக் குடுக்கறவங்களுக்கு வேலைய நெரந்தரமாக்கப் போறாங்க தமிழு. ஒங்க தெருவுல மொதல்ல கையெழுத்துப் போடுறவனுக்கு மொத எடம். ஆனா இப்போதைக்கு வெளிய மூச்சு வுடாத" என்றார். தமிழ்மாறன் என்று அவர் காட்டிய இடத்திலெல்லாம் எழுதிக் கொடுத்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் போட்டேன். அதுதான் இன்னும் கேவலம்.

வீட்டில் போய் மஞ்சுவிடம் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வந்தால், கூடத்தில் மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அவளும் எங்கள் மகள் அபிநயாவும் குப்புறப் படுத்திருந்தார்கள். தாளில் எங்கள் கொல்லை.

மஞ்சு திருமானூர்ப் பக்கத்துப் பெண். கொள்ளிடத்துத் தண்ணீர் பாய்கிற ஊர், குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும். இங்கே வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து கொல்லையில் நாலு செடி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொல்லை முழுக்கச் சீமைக்கருவேலம். அப்புறம் வெட்டலாம், அப்புறம் வெட்டலாம் என்று பதினாலு வருஷம் ஓட்டினேன். மல்லிகைப்பூவை முழம் போட்டு வாங்கும்போதெல்லாம், பூக்காரி தட்டில் இருப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

அந்தத் தாளில் எல்லாம் இருந்தது. குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் வாழை. அதை ஒட்டிக் கீரைப் பாத்தி மூன்று. கிழக்கே அவரைக்கும் புடலைக்கும் ஒரு பந்தல். கிணற்றடியில் கத்திரி, வெண்டை, மிளகாய். வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மல்லியும் கனகாம்பரமும். சுரங்கத்துப் பக்கம் வரிசையாகச் செவ்வரளி, தூசியைத் தடுக்க. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை நாளில் காய்க்கும் என்று அபிநயா ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தாள். கீரைக்கு இருபத்தைந்து நாள், வெண்டைக்கு நாற்பத்தைந்து நாள்.

"ஏங்க, இங்க மல்லி வைக்கட்டுமா?"

"வை."

"கனகாம்பரம் அதுக்கு முன்னாடி வைக்கட்டுமா, பின்னாடியா?"

"எங்கயாச்சும் வை."

கடைசியாக வடகிழக்கு மூலையில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த மூலையில ஒரு எலுமிச்சைங்க. காய்க்க மூணு வருஷம் ஆவுமாம். வைக்கட்டுமா?"

அபிநயா மஞ்சள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மஞ்சுவின் முகத்தை அப்படி நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது. இன்றைக்கு ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"வை" என்றேன்.

நாளைக்கு என்பது வரவேயில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, ஆடிக்குள் கருவேலத்தை வெட்டி வேரைப் பிடுங்கியாக வேண்டும் என்று மஞ்சு ஒற்றைக்காலில் நின்றாள். நானும் வெட்டினேன். ஷிப்ட் முடித்து வந்து, வேறொருவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மண்ணைக் கொத்திக் கொத்திப் பாத்தி கட்டினேன். எலுமிச்சைக்கு இரண்டரை அடி குழி. ஒரு அடிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. கடப்பாரை போட்டு ஒவ்வொரு சில்லாகப் பெயர்த்தேன். திருமானூரிலிருந்து அவள் மூன்று நடையாகப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மூன்று மூட்டை வண்டலைக் கொட்டி அந்தக் குழியை நிரப்பினோம்.

அடுத்த வீட்டுக் குஞ்சம்மாள் அக்கா ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றாள். தனியாக இருப்பவள். வீட்டைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அரியலூருக்கு வந்துவிடச் சொல்லி அவள் மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அவள் செடியைப் பார்க்க வரவில்லை, எங்களைப் பார்க்க வந்தாள். எங்கள் பக்கத்தில் இது ஒரு கணக்கு. கம்பெனிக்குள் வேலை செய்கிறவன் வீட்டில் கீரை போட்டால் ஒன்றுமில்லை. மரம் வைத்தால் அந்தப் பக்கம் நிலம் எடுக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

"எலுமிச்சையா வைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. அவருதான் வைக்கச் சொன்னாரு" என்றாள் மஞ்சு.

குஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மறுவாரம் அவள் கொல்லையிலும் ஒரு எலுமிச்சங்கன்று நின்றது. மகனிடம் போனில், "தமிழ்மாறனே எலுமிச்சை வைக்கிறான், நீ போடா" என்று அவள் சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது.

ஆவணியில் முதல் கீரை அறுத்தோம். இலையில் சிமெண்டுத் தூசி படியும், மஞ்சு நாலு தண்ணீரில் அலசுவாள். புரட்டாசியில் கனகாம்பரம் பூத்து அபிநயா பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொண்டு போனாள். பந்தலில் அவரை ஏறியதும், முதல் காய் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு என்று மஞ்சு வேண்டிக்கொண்டாள். நான் சாப்பிட்டேன். என்ன வெட்கங்கெட்ட வயிறு, கீரை நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் வரைபடம். மற்ற இரண்டு பேர் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"தமிழ்மாறன் வூடு இதானே?" என்றார் வரைபடக்காரர்.

"ஆமாங்க சார், என்ன விசயம்?" என்று மஞ்சு முன்னால் போனாள்.

"சித்திரையிலேயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரேம்மா. அளந்து கல்லு வைக்க வந்துருக்கோம்."

மஞ்சு சிரித்தாள். வேறு யாரோ தமிழ்மாறனைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டைச் சரியாகக் காட்டிவிடும் எண்ணத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்கள் அளந்துகொண்டு வடகிழக்கு மூலைக்குப் போனார்கள். கடப்பாரை போட்ட இடமெல்லாம் பாறையில் ணங்கென்றது. கல் தூக்கி வந்தவன் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார், இந்தச் செடிகிட்ட மண்ணு பொதபொதன்னு இருக்கு. இங்கயே வைக்கட்டுமா?" என்றான்.

"ஒரு அடி முன்னப் பின்ன பரவால்ல. வை" என்றார் அவர்.

நல்ல பையன்தான். எலுமிச்சையை வேர்மண் உதிராமல் எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் கல்லை இறக்கினான். நான் பெயர்த்த குழியில், திருமானூர் வண்டலில், அது சுகமாக உட்கார்ந்தது.

மஞ்சு கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அவள் உள்ளே போய் அடுப்பு வேலையைப் பார்த்தாள். விளக்கு வைத்த பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நாங்க படம் போட்டமே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அன்னிக்குக் காலையில."

"கீரைய வைக்கட்டுமா, மல்லிய வைக்கட்டுமான்னு கேட்டதெல்லாம் என் பழக்கம். சும்மா கேட்டது. எலுமிச்சைய அப்புடிக் கேக்கலீங்க. தெருவுல அப்பவே நெலத்தை எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. மூணு வருசம் நாம இங்க இருப்பமான்னுதான் கேட்டேன். நீங்க வைன்னீங்க."



மறுநாள் குஞ்சம்மாள் அக்கா வேலியோரம் வந்தாள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நீ சொல்லித்தானே மஞ்சு நானும் வச்சேன்" என்றாள், அவ்வளவுதான். எங்கள் இடத்தில் சுரங்கம் வெட்டினால் அவள் சுவர் எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்கும் தெரியும். மஞ்சு என்னைக் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "என் தப்புதாங்கக்கா, நான் சரியா வெசாரிக்கல" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

குருநாதனை வேறு ஊர் ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். நிரந்தர வேலையைப் பற்றிக் கேட்டால் புதிதாக வந்தவர், அப்படி எழுத்தில் எதுவும் இல்லையே என்கிறார். தை முடிய வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த மூலையில் இனி வைக்கப்போவது வெடிதான். எடுத்துச் சாய்த்த எலுமிச்சை நாலு நாளில் காய்ந்துபோனது. அவரைக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை, கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. மார்கழிச் சனிக்கிழமை மஞ்சு முதல் காயைப் பறித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கல்லங்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். போயிட்டு வரட்டுமா என்று கேட்கவில்லை.

அவள் இப்போது என்னிடம் எதையும் கேட்பதில்லை. பெல்ட் முன்னால் நிற்கும்போது பையில் போன் அதிர்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்று தாங்க முடியாமல் நானே போன் போட்டு, "இன்னிக்கு என்ன கொழம்பு வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"வச்சிட்டேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.