அறுந்த நூலுக்கு யார் பொறுப்பு

பத்மாவதி வேலைக்கு வந்த நாளிலிருந்து ஐறீனுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. எரியாதா பின்னே? கொழும்பு கிராண்ட்பாஸில் இருந்த அந்தப் பிளாஸ்ரிக் நூல் தொழிற்சாலையின் பரிசோதனை அறையை, கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த வருடத்திலிருந்து கட்டிக் காத்தவள் ஐறீன். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் மாதிரி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, அதே பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, முதலாளி பதியுதீனுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டாள். நூற்புப் பகுதி மனேஜர் வேலை காலியாகப் போகிறது. அது தனக்குத்தான் என்று ஐறீன் லூசியா கோயிலில் மெழுகுதிரி கூடக் கொளுத்தியிருந்தாள். முதலாளியோ, "பத்மா என்னா சொல்லுது?" என்று கேட்காமல் ஒரு சுவிச்சையும் தட்டவிடமாட்டார்.

அவள் கெட்டவளாக இருந்தாலாவது மனதுக்கு ஆறுதலாக இருக்கும். அதுவும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், "ஐறீன் அக்கா, கத்தரிக்காய்ப் பொரியல் போடட்டோ?" என்று கேட்பாள். அந்தப் பொரியல் நல்லாகவும் இருந்து தொலைத்தது.

யுத்தத்தால் கப்பல்கள் தாமதப்பட்ட தொண்ணூற்றியேழாம் ஆண்டு அது. நூலுக்கு உருக்கும் வழக்கமான பிளாஸ்ரிக் மணிகள் வராததால் முதலாளி வேறு இடத்து மணிகளை வாங்கிப் போட்டார். அதில் ஒரு பிடியை ஐறீன் சோதனை மெஷினில் உருக்கிப் பார்த்தாள். தண்ணீர்ப் பாகாக இறங்க வேண்டியது நகரவே மறுத்தது. விஷயம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தப் பிளாஸ்ரிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் பழையதைவிட நீளமானவை. உருகியதை நூலாக இழுக்கும்போது நீளச் சங்கிலிகள் விறைப்பேறி ஒரே பக்கமாக வரிசைகட்டும். அப்படி வரிசைகட்டினால் ஆறுவதற்கு முன்பே பளிங்காக இறுகிவிடும். கிண்டக் கிண்டச் சீனிப்பாகு முந்திக் கட்டிபடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. முந்தி இறுகின நூலை அடுத்த உருளையில் மறுபடி நீட்டப் போனால் அறும். சூட்டைக் கூட்டி, இழுக்கும் வேகத்தைக் குறைத்தால் ஒரு தொல்லையும் இல்லை.

மறுநாள் கடற்படைக்குச் சாமான் தூக்கும் வலை பின்னுகிற நூலை பத்மாவதி ஓட்டிக் காட்ட வேண்டும். அது சரிவந்தால் மனேஜர் வேலை அவளுக்கு. புது மணியைப் பற்றி ஐறீன் மூச்சு விடவில்லை. ஒருநாள் நூல் அறுந்தால் யார் குடி முழுகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கொட்டாஞ்சேனையிலேயே ஊறிப்போன தமிழச்சிக்குத்தான் அப்படி நினைக்க வரும். வெள்ளவத்தையில் வடக்கிலிருந்து வந்தவள் என்ற பொலிஸ் பதிவுத் துண்டோடு படுத்தெழும்புகிறவளுக்கு வராது.

காலையில் நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டு ஓட்டினார்கள், மறுபடி அறுந்தது. பார்க்க வந்திருந்த கடற்படை அதிகாரியின் முகம் கறுத்தது. ஓட்டுவது யார் என்று சிங்களத்தில் கேட்டார். பத்மாவதியின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு மெஷினை யாரும் பார்க்கவில்லை. நாசவேலை என்ற சொல் வாய்க்கு வாய் போனது. மத்தியானம் பொலிஸ் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

"அல்லாவே, என்னா காலம் இது," என்றார் முதலாளி. "மனேஜர் வேலய நீங்களே பாருங்க ஐறீன்."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அன்று ஐறீன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். பத்மாவதி சறுக்கி விழ வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள், பாவி. ஜீப்பில் ஏற வேண்டும் என்று ஆசைப்படவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் முதலாளியைப் பிடித்தாள். "சேர், அது அவ செஞ்ச வேலை இல்ல. மணியில பிழை. இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க, நான் ஓட்டிக் காட்டுறேன்."

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐறீன் பழைய சூட்டில் ஓட்டினாள், அறுந்தது. சூட்டைக் கூட்டி வேகத்தைக் குறைத்தாள். நூல் அறாமல் ஓடியது. "யார் நின்றாலும் முதலில் அறுந்துதான் இருக்கும்," என்று சிங்களத்தில் சொன்னாள். இது முன்பே யாருக்காவது தெரியுமா என்று அவர் கேட்டார். ஐறீன் கண்ணை இமைக்காமல், "இல்லை," என்றாள்.

பின்னேரமே பத்மாவதியை விட்டுவிட்டார்கள். மறுநாள் பரிசோதனை அறைக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தன் சாமான்களை எடுத்துப் பையில் வைத்தாள்.

"நீங்கள் ஓட்டிக் காட்டினதெண்டு சேர் சொன்னவர். நன்றி அக்கா."

"அத விடு."

"நூல் அறுந்ததுக்கு முதல்நாள் பின்னேரம் நான் இங்கை வரேக்க சோதினை மெஷின் சூடாக் கிடந்தது. புது மணி அடியிலை ஒட்டியிருந்தது. சரியாயிருந்தபடியாத்தான் அக்கா ஒண்டும் சொல்லேல்லை எண்டு நம்பினனான்."

ஐறீன் அறைக் கதவைச் சாத்தினாள். "பொலிசில சொன்னியா?"

"கேட்டவங்கள், ஆருக்குத் தெரியுமெண்டு. சொல்லேல்லை. சொல்லியிருந்தால் உங்களையும் கொண்டு வந்து எனக்குப் பக்கத்திலை இருத்தியிருப்பாங்கள். நீங்களும் தமிழ்தானே."

"உனக்கு என்மேல கோவம் இல்லையா?"

"இல்லாமலோ?" பத்மாவதி பையைத் தோளில் கொளுவினாள். "அதுக்காக உங்களைக் காட்டிக்குடுக்க எனக்கு மனம் வரேல்லை. உங்களோடை ஒரு அறையிலை இருக்கவும் இனி ஏலாது."

அவள் போய்விட்டாள். ஐறீன் மனேஜரானாள், நாற்காலியும் மின்விசிறியும் வந்தன. ஆனாலும் நூல் எங்கேயாவது சிக்கினால் முதலாளி உருளையைப் பார்த்துக்கொண்டே, "பத்மா இருந்தா இப்ப என்னா செஞ்சிருக்கும்?" என்று கேட்பார். அப்போதெல்லாம் ஐறீனுக்கு முன்னைவிட மோசமாக வயிறு எரியும்.