நிரப்பி வைத்த சொம்பு

பழங்காநத்தம் ஜூடு ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியார். தேரிக்காட்டுச் செம்மணல் பாலைவனத்தை பைக்கில் போய்ப் பார்த்தே தீருவதென்று கிளம்பினார். கூட வருவதாகச் சொன்ன கூட்டாளிகள் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, வாத்தியாருக்கு வீம்பு வந்து தனியாகவே புறப்பட்டார். நாலுவழிச் சாலையில் போனால் என்ன சுவாரசியம் என்று கள்ளிக்குடி தாண்டி உள்ரோட்டில் வண்டியை விட்டார். வீம்புக்குக் கூலி கிடைத்தது. கருவேல முள் டயரில் ஏறி, ஆள் அரவமில்லாத பொட்டலில் நிற்கும்போது இருட்டிவிட்டது.

அங்கே இருந்த ஒரே வீட்டிலிருந்து மருது என்பவர் வந்து வண்டியைத் தள்ளக் கை கொடுத்தார்.

"பாலைவனம் பாக்கவா போறீக? இங்கன என்ன சோலைவனமாவா இருக்கு?" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. "பஞ்சர் ஒட்டுறவரு காலையிலதேன் வருவாரு. ராத்திரி இங்கனயே படுங்க தம்பி."

வீட்டுக்குள் மாலை போட்ட ஒரு வாலிபன் படம், அதன் முன்னால் விளக்கு.

"எம்மகன் அருண்பாண்டி. போன வாரம் பைக்குல அடிபட்டு..." மருது குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

உறவுக்காரர்கள் கொடுத்தனுப்பிய சோற்றை அவர் மனைவி தங்கப்பொண்ணு ஜூடுவுக்குப் போட்டார். தான் தொடவில்லை. கஞ்சித் தண்ணியைத் தவிர அவர் வாயில் எதுவும் வைப்பதில்லையாம். "புள்ள வந்து போனாத்தேன் சாப்புடுவாளாம்" என்றார் மருது. பிறகு, "எங்களுக்கு உள்ள தூக்கம் வரல, வெளிய படுத்துக்கிறோம். வெளக்கு மட்டும் அணைஞ்சிராமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூடு கதவைத் தாழ் போட்டுப் படுத்தார். அரைத் தூக்கத்தில் தொண்டை வறண்டது. கைக்கெட்டிய சொம்பை எடுத்து மடமடவென்று பாதியைக் குடித்த பிறகுதான் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். சொம்பில் விபூதிப் பட்டை, பக்கத்தில் உதிரிப்பூ. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்தவர் வந்து குடிப்பார் என்று தண்ணீர் வைப்பதையும், காலையில் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் தன் தெருவில் எதிர்வீட்டில் பார்த்திருக்கிறார்.

"மாதாவே!" என்று பையிலிருந்த பாட்டில் தண்ணீரைச் சொம்பு வழிய ஊற்றி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து யாரோ தண்ணீர் விழுங்குவது போலக் கேட்டது. தன் தொண்டைதான் என்று நினைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

விடிந்து தாழை நீக்கியதும் தங்கப்பொண்ணு நேராகச் சொம்பிடம் போனார்.

"ஏங்க, கொறைஞ்சிருக்கு! எம்புள்ள குடிச்சிருக்கான்!"

ஜூடு எட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது. ஒரு ராத்திரியில் பாதிச் சொம்பு ஆவியாகாது என்று அவரிடம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். தங்கப்பொண்ணு அழுதுகொண்டே உட்கார்ந்து, பழையதைப் பிசைந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

மருது ஜூடுவை வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்கூடச் சண்ட போட்டு, 'இனிமே இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்'னு சொல்லிட்டுத்தேன் வண்டிய எடுத்தான். நானும் போடான்னுட்டேன். அன்னையிலருந்து சொம்புல சொட்டுக்கூடக் கொறையல. நீங்க தெரியாமக் குடிச்சிருப்பீக. அவகிட்டச் சொல்லிராதீக தம்பி. அவளாச்சும் பொழச்சுக்கிடட்டும்."

பேசாமல் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த மனுஷன் சாகும்வரை மகன் மன்னிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பாரே என்று ஜூடுவுக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, நான் குடிச்சது நெசந்தான். ஆனா தெரிஞ்சதும் திரும்ப வழிய வழிய ஊத்தி வச்சிட்டேன். அதுக்கப்புறம் தொடவே இல்ல. கதவும் தாழ் போட்டே இருந்துச்சு."

மருது அவரையே பார்த்தார்.

"சத்தியமாவா?"

"மாதா மேல சத்தியமா."

பிள்ளையைப் புதைத்த அன்றும் அழாத மனுஷன், அப்படியே புழுதியில் உட்கார்ந்தார்.

"குடிச்சிட்டியாடா அருணு... எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதாடா" என்று வீட்டைப் பார்த்து வாய்விட்டுக் கதறினார்.