காந்தல்

காய்ச்சல் அப்பாவை விட்டுப் போகும்போது அவருடைய ருசியையும் வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, குறிப்பாக வாய். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர் இப்போது கட்டிலில் உட்கார்ந்து எங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பிடத்தான் மாட்டேன் என்றார். "அட்டையை மெல்லற மாதிரி இருக்குடா. மனுஷன் எத்தனை அட்டை திம்பான்?"

எடை ஐம்பத்தொன்றே கால் கிலோவுக்கு வந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை வரச் சொன்ன டாக்டர், ஐம்பதுக்குக் கீழே போயிருந்தால் அன்றே சேர்த்துக்கொண்டு மூக்கு வழியாகக் குழாய் விடப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்பா அறையை விட்டு வெளியே வந்து, "குழாயெல்லாம் டீசல் டாங்குக்குத்தான்" என்றார். கை மட்டும் என் தோளை விடவில்லை.

அம்மா இல்லை. அக்கா கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள். காலையில் வந்து செருப்போடு தூங்குவாள். "சமையல் இனிமே நீ. நான் நிக்கறதே பெரிய விஷயம்" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். பாதி வார்த்தையிலேயே குறட்டை வந்துவிட்டதால் மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் போயிற்று.

எனக்குத் தெரிந்த சமையல் வெந்நீர். அதிலும் ஒருமுறை பாத்திரம் ஓட்டையாகியிருக்கிறது.

எங்கள் மாடியில் ஆறு வீடு, ஒரே பொதுச் சமையலறை, மூன்று அடுப்பு. ஆறு வீடும் ஆறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவை. ஒவ்வொரு வீட்டுக்கும் அடுப்பு முக்கால் மணி நேரம். எங்களுக்கு நாலரையிலிருந்து ஐந்தேகால். சுவரில் ஒரு விதி ஒட்டியிருக்கும்: அடுத்தவர் அடுப்பைத் தொடக்கூடாது, அடுத்தவர் மூடியைத் திறக்கக்கூடாது. முன்பு யாரோ நல்லெண்ணத்தில் யாருடைய சூப்பிலோ இன்னொரு முறை உப்புப் போட்டு, இரண்டு வீடும் எட்டு மாதம் பேசாமல் இருந்ததன் விளைவு அது. மாடியில் எல்லோரும் பேசுவது ஆறு மொழியின் உதிரிகளைப் பொறுக்கிக் கட்டிய ஒன்று. உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.

முதல் நாள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து அடுப்பில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா நின்றிருந்தார். வாயில் நாலைந்து குண்டூசி இல்லாமல் அவரைப் பார்ப்பதே அபூர்வம்.

"அம்மா, உங்க ஊர்ல உடம்பு சரியில்லாதவங்களுக்கு என்ன குடுப்பாங்க?"

அவர் குண்டூசிகளை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டு யோசித்தார். "அரிசி. நிறைய தண்ணி. உப்பு."

மறுநாள் கோடிவீட்டு வெல்டரைக் கேட்டேன். அவர் ஊரில் கோதுமையாம். நிறைய தண்ணி, உப்பு. மூன்றாவது வீட்டில் ஓட்ஸ், நான்காவது வீட்டில் மக்காச்சோள மாவு. நிறைய தண்ணி, உப்பு. ஒவ்வொருவரும் அக்கம்பக்கம் பார்த்து, குடும்ப ரகசியம் என்று எச்சரித்துவிட்டுத்தான் சொன்னார்கள். ஒரே வாரத்தில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டேன். உலகம் முழுக்கக் கஞ்சி.

"டேய் புரொஃபசர்" என்றார் அப்பா. மூன்று அரியர் வைத்ததற்காக அவர் கொடுத்த பட்டம். "நேத்து குடுத்ததுக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்?"

"நேத்து வேற நாடுப்பா."

"எந்த நாட்டுலயும் பல்லு இருக்கறவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

ஒரு கரண்டி விழுங்கிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா கிடங்கிலிருந்து ஒரு எடை மெஷின் இரவல் வாங்கி வந்திருந்தாள். ஐம்பதரை. மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் தூங்கப் போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. எனக்கென்று ஒரு வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் போட்டு, அது வெள்ளையிலிருந்து கண்ணாடியாகி, கண்ணாடியிலிருந்து பொன்னாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த ஆறேழு நிமிடம் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. கல்லூரியில் நடத்தும் எதற்கும் இப்படிக் கண் எடுக்காமல் நான் நின்றதில்லை. உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தாலும் நாலரை மணிக்குக் கால் தானாக அந்தப் பக்கம் போனது.

சனிக்கிழமை அந்தக் கால்களே காலை வாரின. அரிசியை வைத்து, தீயைக் குறைத்து, ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது சமையலறை முழுக்கப் புகை வாசம். பக்கத்து ஸ்டூலில் தையல்காரம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! கருகுதுன்னு தெரியலியா?"

"தெரியுதே."

"அடுப்ப அணைக்கலாம்ல?"

அவர் ஊசியால் சுவரிலிருந்த விதியைக் காட்டினார். பிறகு, "தவிர, இன்னிக்குத்தான் நீ சரியா பண்றன்னு நெனச்சேன். எங்க வீட்ல அடிச்சோத்துக்கு அடிதடியே நடக்கும்" என்றார்.

அதற்குள் வெல்டர் மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூடியைத் திறக்க முறைப்படி என் அனுமதி கேட்டார். மேலே சாதாரணச் சோறு. அடியில் பழுப்பாக, தட்டுப்போல் ஒட்டிய காந்தல். "எண்ணெய் விட்டியா?" என்றார். இல்லையென்றதும், பத்திரம் இல்லாமல் வீடு வாங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் ஊரில் எண்ணெய் விடுவார்களாம், மூடியைத் துணியில் சுற்றுவார்களாம், விருந்தாளிக்குத்தான் முதல் துண்டாம். தையல்காரம்மா ஊரில் மிச்சத்தில் வெந்நீர் ஊற்றிக் குடிப்பார்களாம். கஞ்சிக்கு ஆளுக்கு ஒரு வரி சொன்னவர்கள், கருகினதைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

வேறு அரிசி வைக்க நேரம் இல்லை. காந்தலைப் பெயர்த்து, உப்பைத் தூவி, எடுத்துக்கொண்டு போனேன். திட்டு வாங்கத் தயாராகத் தட்டை நீட்டினேன். அப்பா ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கஞ்சியே தேவலைன்னு சொல்ல வெக்கிற திட்டமா?"

கடித்தார். 'கரக்' என்றது. அவர் தாடை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி கடித்தார். உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா, "என்ன உடைஞ்சுது?" என்று எழுந்து வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க, அப்பா தட்டை முடித்தார்.

"ருசி தெரியுதாப்பா?"

"ஒரு மண்ணும் தெரியல. சத்தம் நல்லா இருக்குடா."

தவறி நடந்ததை வேண்டுமென்றே செய்வதுதான் சிரமம். ஞாயிறன்று அரிசி வேகவில்லை. திங்களன்று கரி. அப்பா அதையும் சுரண்டித் தின்று பார்த்துவிட்டு, "இது பஸ் டயர்" என்று தீர்ப்பு சொன்னார். செவ்வாயன்று வெல்டர் என் காதைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். முதலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம், பிறகு அமைதி, அதற்குப் பிறகு மழை தூறுவதுபோல் மெல்லிய படபடப்பு. "இப்ப எண்ணு. முந்நூறு" என்றார். எண்ணினேன். அன்று காந்தல் கவிழ்த்த தட்டு மாதிரி முழுசாக வந்தது. எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை, வெங்காயம்கூட நறுக்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அப்பா சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் யூனிபார்ம் கோட்டு, காலில் பூட்ஸ் சகிதம் எடை மெஷினில் ஏறினார். நர்ஸ் ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தார். ஐம்பதுக்கு நூறு கிராம் குறைவு.

டாக்டர் அட்மிஷன் சீட்டை எடுத்தார். அக்கா கைப்பிடியில்லாத நாற்காலியில் நேராக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாப்பிடறாரா?" என்று என்னைக் கேட்டார் டாக்டர்.

அப்பா, தான் கழற்றிப்போட்ட கோட்டின் பையில் கையை விட்டு, காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து, டாக்டர் முகத்தைப் பார்த்தபடி கடித்தார். அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

"என்ன அது?"

"கருகின சோறு. பையன் பண்ணது. வெந்நீர் வெச்சே பாத்திரத்த ஓட்டையாக்கினவன், இப்ப அரிசி பேசறதக் கேட்டுக் கருக்கறான். நீங்க ஒரு துண்டு எடுத்துக்கங்க."

டாக்டர் வேண்டாம் என்றார். அப்பா அடுத்த துண்டையும் நிதானமாக மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீட்டை மேஜை டிராயருக்குள் வைத்தார். "ஒரு வாரம். தினமும் எடையப் பாத்து எழுதிக்கிட்டு வரணும். குறைஞ்சா என்கிட்ட பேச்சே கிடையாது."

வெளியே வந்தபோது மணி நாலு. அக்கா அங்கிருந்தே கிடங்குக்குப் பஸ் ஏறினாள். அப்பாவும் நானும் நடந்தோம். பத்தடிக்கு ஒருமுறை அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீ முன்னால போடா. நேரம் போனா அடுப்பு போயிடும். அந்தம்மா விதி பேசும்."

"போனா போகட்டும்ப்பா" என்றேன். எனக்கும் கால் வலித்தது. அவருடைய கோட்டை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு, அவர் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன்.